பெரிய பிள்ளைகளின் அணியில் சின்னப் பிள்ளைகள் ஆடலாமா? நீலகிரிப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி திறந்து குறுவட்டப் போட்டிக்கு (அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் முதல் கட்டப் போட்டி) அணி சேர்க்கத் தொடங்கியதும் மலையில் ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்களிலும் பிள்ளைகள் குறைவாகப் படிக்கும் பள்ளிகள் நிறைய. பொதுத்தேர்வு இருக்கிறது என்று 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டார் நிறுத்திக்கொள்வார்கள். அந்த இடத்தில் 7-ஆம் வகுப்பு, 8-ஆம் வகுப்புப் பெயர்கள் ஏறும். அதில் சில பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. சிலருக்கு முழங்கால் போகிறது, அல்லது ஆட்டத்தின் மேலிருந்த ஆசையே போகிறது. யாருக்கு எது என்று முன்கூட்டியே ஓரளவு பார்த்துச் சொல்ல முடியும்.

விதிப்படி ஆடலாமா?

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவாக நடக்கின்றன. வயது கூடியவர் கீழ்ப் பிரிவில் ஆட முடியாது, அது முறைகேடு. வயது குறைந்தவர் மேல் பிரிவில் ஆடுவதற்குப் பொதுவாக இடமுண்டு. ஆனால் ஒரே ஆண்டில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பிரிவிலும் பெயர் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டின் சுற்றறிக்கையில் பிறந்த தேதி வரம்பும், ஒரு மாணவர் எத்தனை பிரிவில், எத்தனை போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பதும் இருக்கும். நுழைவுப் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திடும் முன் அதைப் படித்துப் பாருங்கள். மேல் பிரிவில் பெயர் ஏறிவிட்டால், சொந்தப் பிரிவில் மாவட்ட அளவுக்குப் போகும் வாய்ப்பு அந்த ஆண்டுக்கு அடைபடக்கூடும். முதல் சுற்றிலேயே தோற்கப்போகும் பெரிய அணிக்காக 14 வயதுப் பிரிவின் சிறந்த ஆட்டக்காரனைச் செலவழிப்பது பள்ளிக்கும் நட்டம், பிள்ளைக்கும் நட்டம்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) ஆகிய மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று ஜூன் மாதத்திலேயே பாருங்கள். தேதி மாறியிருந்தால் திருத்தி வர வாரக்கணக்கில் ஆகும். போட்டி அதற்காகக் காத்திருக்காது.

சரி, ஆட வைக்கலாமா? நேராகச் சொல்லுங்கள்.

மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் ஆட வைக்கலாம். அவன் உடம்பு அந்த ஆட்டத்தின் மோதலைத் தாங்குமா? சொந்த வயதுப் பிரிவில் கற்க வேண்டியதை அவன் பெரும்பாலும் கற்று முடித்துவிட்டானா? பெரிய அணியில் அவனுக்கு உண்மையிலேயே ஆட்டம் கிடைக்குமா? இதில் மூன்றாவதைத்தான் பலரும் கேட்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணன்மாருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகும் 13 வயதுப் பையன் எதையும் கற்பதில்லை. அதே ஆண்டில் சொந்தப் பிரிவில் அவன் பத்துப் பதினைந்து முழு ஆட்டம் ஆடியிருப்பான், தலைவனாகவும் இருந்திருப்பான். மேல் அணி ஆட்டங்களில் பாதி நேரமாவது களத்தில் இருப்பான் என்று ஆசிரியர் உறுதி சொல்லவில்லையென்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

என் பையன் நல்ல உயரம். 10-ஆம் வகுப்புப் பையன் மாதிரி இருக்கிறான். பிறகு என்ன பயம்?

உயரத்தைப் பார்த்து ஏமாறுவதுதான் இதில் அதிகம் நடக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் பையன் 9, 10 செ.மீ. வளர்ந்துவிடுவான், பெண் பிள்ளை 8 செ.மீ. அளவுக்கு. முதலில் கால் நீளும், பிறகு உடம்பு நீளும், தசை வலு அதற்கும் பின்னால்தான் வரும். ஆக உயரம் வந்துவிட்டது, அந்த உயரத்தைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை என்ற இடைவெளி சில மாதங்களுக்கு இருக்கும். நேற்றுவரை பந்தை அழகாக நிறுத்தியவன் திடீரென்று தடுமாறுவதும், காலிடறி விழுவதும் இந்தச் சமயத்தில்தான். அவனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

இன்னொன்று, நீளும் எலும்பின் நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பில் அதுதான் பலவீனமான இடம். பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் அதே அடி, வளரும் பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாக முடியலாம். சரியாகக் கவனிக்காவிட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். 13 வயதுப் பிள்ளைக்குக் கணுக்காலோ மணிக்கட்டோ வீங்கி, எலும்பைத் தொட்டாலே வலித்தால், ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடலாம்’ என்று விடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் உடல் முதிர்ச்சியில் மூன்று, நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கும். மீசை அரும்பி, குரல் உடைந்தவன் ஒருவன். இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பவன் ஒருவன். பிறந்த தேதி இருவரையும் ஒரே கட்டத்தில் வைக்கிறது, மோதல் அப்படிப் பார்ப்பதில்லை.

வேகமாக வளரும் கட்டத்தில் இருக்கிறானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

சுவரில் ஒரு அளவு நாடாவை ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை, காலையில் எழுந்தவுடன், செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட நிற்க வைத்து, தலைமேல் தடித்த புத்தகத்தைப் படுக்கையாக வைத்துக் குறியுங்கள். மாலையில் அளந்தால் ஒரு செ.மீ. வரை குறைவாகக் காட்டும் என்பதால் நேரம் மாறக் கூடாது. மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் வேக வளர்ச்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறேழு மாதங்கள் மேல் அணிக்குத் தள்ள வேண்டிய காலமல்ல. குதிப்பதையும் திடீரென்று திரும்பி ஓடுவதையும் குறைத்து, பந்துக் கட்டுப்பாடு, சமநிலை, சரியாகத் தரையிறங்குவது ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். வாங்கிய ஷூ நான்கு மாதத்தில் கடித்தால் அதுவும் ஒரு அடையாளம். கால் பாதம்தான் முதலில் வளரும்.

எந்த ஆட்டத்தில் மேல் அணியில் ஆடலாம், எதில் கூடாது?

சதுரங்கம், கேரம், மேசைப்பந்து ஆகியவற்றில் தயக்கமே வேண்டாம். திறமை இருந்தால் ஆடட்டும். இறகுப்பந்திலும் பூப்பந்திலும் மோதல் இல்லை. தோள்பட்டைக்கு ஏறும் வேலையை மட்டும் கணக்கில் வையுங்கள். தடகளத்தில் எதிராளி வந்து மோதப்போவதில்லை, ஆனால் எறியும் கருவியின் எடை மாறும். உலகத் தடகள அமைப்பின் அளவுப்படி 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குக் குண்டு 5 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 6 கிலோ. ஈட்டி 18 வயதுக்குள் 700 கிராம், அதற்கு மேல் 800 கிராம். மணிக்கட்டும் முழங்கையும் முற்றாத பிள்ளை கையில் கனத்த குண்டைக் கொடுத்தால், தோளால் தள்ளுவதற்குப் பதிலாக முழங்கையால் வீசப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும்.

கால்பந்துதான் மலையில் அதிகம் கேட்கப்படுவது. ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) சின்ன வயதிலிருந்தே பெரியவர்களோடு ஆடி வளர்கிறார்கள், அதனால் ஆட்டம் புரியும். பக்கவாட்டில் ஆடும் வேகமான பையன் 14 வயதை ஒட்டி மேல் அணிக்குப் போகலாம். நடுத் தடுப்பாட்டக்காரனாகவோ கோல்கீப்பராகவோ வேண்டாம். உயரப் பந்துக்கு எம்பும்போது முழங்கையும் தலையும் மோதுவது அங்கேதான். அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-இல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளோர் தலையால் பந்தை அடிப்பதையே தடைசெய்தது, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கே அப்படி விதி இல்லாவிட்டாலும் அதைப் பின்பற்றுவதில் தவறில்லை. கணைக்கால் காப்பு (ஷின்கார்டு) இல்லாமல் இறக்காதீர்கள். மழைக்காலத்தில், அடியில் ஸ்டட் (பிடிப்புக் குமிழ்) இல்லாத கேன்வாஸ் ஷூவோடு சேற்றில் இறங்கும் சின்னப் பையன், எதிராளி தொடாமலே முழங்காலைத் திருகிக்கொள்வான்.

கிரிக்கெட்டில் மட்டையாட்டத்துக்கும் பந்துவீச்சுக்கும் தனித்தனிப் பதில். சுழல் வீசுபவனும் மட்டையாளனும், தலைக்கவசம் சரியாகப் பொருந்தினால், மேல் அணியில் தாக்குப்பிடிக்கலாம். அண்ணனின் தலைக்கவசத்துக்குள் துணி வைத்துத் திணிப்பது பொருத்தம் ஆகாது. குனிந்து நிமிரும்போது ஆடாமல், கம்பிக்கும் முன்விளிம்புக்கும் நடுவே பந்து புகாமல் இருக்க வேண்டும். பெரியவர் பந்து 156 முதல் 163 கிராம்; 13 வயதுக்குக் கீழே ஆடும் சிறுவர் பந்து சுமார் 135 கிராம். இந்த வித்தியாசம் விரலில் தெரியும். வேகப்பந்து வீச்சாளன் என்றால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வளரும் முதுகெலும்பில் கீறல் முறிவு வருவது இவர்களுக்குத்தான். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்கு உட்பட்டோருக்கு ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று எல்லை வைத்திருக்கிறது. மேல் அணியில் ஆடினாலும் அந்த எல்லை அவன் வயதைப் பொறுத்ததுதான், அணியைப் பொறுத்ததல்ல. பள்ளியில் வீசியது, ஊர் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை வீசியது, வலையில் வீசியது எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

கைப்பந்தில் ஆண்கள் வலை 2.43 மீட்டர். 150 செ.மீ. பையன் அதன் மேலே அடிக்க எம்பி எம்பி முழங்காலைக் கெடுத்துக்கொள்வான். ஆனால் லிபரோ இடத்தில் அவன் பொருந்துவான். அங்கே தடுப்பதும் இல்லை, வலைக்கு மேல் அடிப்பதும் இல்லை. தாழ வரும் பந்தை எடுத்துக் கொடுத்தால் போதும். சின்ன உடம்பு அங்கே வசதிதான்.

கபடி வேண்டாம். 40 கிலோ பையன் ரெய்டு போய், 60 கிலோ உள்ள நான்கு பேர் சேர்ந்து மடக்கிக் கீழே போட்டால் தோளும் கழுத்தெலும்பும் தாங்காது. கபடியில் வயதோடு எடைக்கும் வரம்பு வைத்திருப்பது இதனால்தான். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ ஆகியவற்றுக்கும் இதே பதில். ஹாக்கியில், பற்காப்பு, கணைக்கால் காப்பு இரண்டும் இருந்தால் முன்களத்தில் ஆடலாம். பெனால்டி கார்னரின்போது கோல் வரிசையில் சின்னப் பிள்ளையை நிறுத்தவே கூடாது.

பதினொரு பேர் சேரவில்லை. இரண்டு சின்னப் பையன்களைச் சேர்த்தால்தான் அணியே போகும். என்ன செய்வது?

எண்ணிக்கைக்காகப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். கடினமாகத் தெரியலாம், ஆனால் அடி விழுவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான். பயிற்சி இல்லை, உடம்பு தயாரில்லை, ஆர்வம்கூட இல்லாமல் ‘சார் சொன்னார்’ என்று வந்திருப்பார்கள். குறைவான ஆட்கள் வேண்டிய ஆட்டத்துக்கு மாறுங்கள். கைப்பந்துக்கு ஆறு பேர், கூடைப்பந்துக்கு ஐந்து பேர், தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர் போதும். எட்டுப் பேர் உள்ள பள்ளி நல்ல கைப்பந்து அணி ஆகலாம். மோசமான கால்பந்து அணியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தகுதியை யார், எப்படி முடிவு செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 7, 8-ஆம் வகுப்பு மாணவர் உயர்நிலைப் பள்ளி அணியில் ஆட ஒரு முறை உண்டு. பெற்றோர் ஒப்புதல், உடல் முதிர்ச்சியையும் சேர்த்து மருத்துவர் பார்த்துத் தரும் அனுமதி, பயிற்சியாளரின் திறன் மதிப்பீடு, உடற்தகுதித் தேர்வு எல்லாம் முடிந்த பிறகுதான் அணித் தேர்வுக்கே வர முடியும். வரிசை முக்கியம்: முதலில் உடம்பு, பிறகு திறமை. இங்கே திறமையை முதலில் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்ப்பதேயில்லை.

நம் பள்ளியில் செய்யக்கூடியது இது. வகுப்பாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ பெற்றோரிடம் நேரில் பேச வேண்டும்; பையன் கையில் சீட்டு கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ மருத்துவரிடம் காட்டி இதயம், மூச்சு, முதுகு, மூட்டு, பழைய அடி எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தாலோ, ஓடும்போது பையன் மயங்கி விழுந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டியிருக்கும். முதிர்ச்சியை மதிப்பிடும் வேலை மருத்துவருடையது. ஆசிரியர் அதில் இறங்கவே கூடாது.

பிறகு மைதானத்தில் எளிய சோதனை. 30 செ.மீ. உயர மேடையிலிருந்து இரண்டு காலில் குதித்து இறங்கச் சொல்லுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கினால் தயாரில்லை. ஒற்றைக் காலில் 30 வினாடி ஆடாமல் நிற்க முடிய வேண்டும், இரண்டு காலிலும். முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக 45 வினாடி தாங்க வேண்டும். இவை தேறாத பிள்ளைக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து மறுபடி பாருங்கள், பெரும்பாலோர் தேறிவிடுவார்கள்.

தேறியவனையும் நேராகப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் மேல் அணியோடு வார்ம்அப், பந்துப் பயிற்சி மட்டும். அடுத்த இரண்டு வாரம் சிறு களத்தில், மோதல் இல்லாத ஆட்டம். ஐந்தாவது வாரம் நட்பு ஆட்டத்தில் இருபது நிமிடம். ஆட்டம் முடிந்த மறுநாள் காலை படி இறங்கும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த அடி.

இரண்டு அணியிலும் பயிற்சி எடுக்கலாமா?

இரண்டு அணிப் பயிற்சியும் முழுதாக எடுத்தால் கெட்டது. விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் அளவு: வாரத்துக்கு வயது எவ்வளவோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்படியான பயிற்சி வேண்டாம். 12 வயது என்றால் 12 மணி நேரம், பள்ளி அணி, ஊர் அணி, அகாடமி எல்லாம் சேர்த்து. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஒரே ஆட்டத்தை வருடம் முழுக்க ஆடாமல் மூன்று, நான்கு மாதமாவது வேறு ஆட்டம். மேல் அணிக்கு மூன்று நாள் போனால் சொந்தப் பிரிவில் இரண்டு நாளைக் குறைக்க வேண்டும். இதை இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ‘வர முடியாது சார்’ என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

13 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 12 வயதுக்குள் 9 முதல் 12 மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்கால் வலிக்கிறது என்கிறான். வளரும் வலிதானே?

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு துருத்தி, தொட்டால் வலித்தால், தொடைத் தசையின் நாண் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது. குதிகாலின் பின்பக்கம் வலித்தால் அங்கேயும் இதே மாதிரி இழுப்பு. இரண்டும் ஆபத்தில்லை, ஆனால் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்காமல் அடங்காது. மலைப் பிள்ளைகளுக்கு இதைக் கூட்டுவது தார்ச்சாலை இறக்கத்தில் ஓடுவது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் அடி வாங்கும். ஏற்றத்தில் ஓடட்டும், இறக்கத்தில் நடக்கட்டும். பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம்.

நொண்டினால், இரவில் வலித்து விழித்தால், மூட்டு வீங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். 11 முதல் 15 வயதுக்குள், உடம்பு கொஞ்சம் கனமான பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டில் எலும்பின் தலைப்பகுதி நழுவினால் வலி முழங்காலில் மட்டும் தெரியக்கூடும். அதைத் தள்ளிப்போட்டால் வாழ்நாள் முழுக்க நொண்டல் மிஞ்சலாம்.

தலையில் அடிபட்டால்?

மோதிய பிறகு தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, குழப்பம், ‘எந்தப் பக்கம் ஆடுகிறோம்’ என்ற கேள்வி என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்று அவன் களத்துக்குத் திரும்பக் கூடாது, அது இறுதிப் போட்டியாக இருந்தாலும். நினைவு தப்பினால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், தூக்கம் தெளியாமல் இருந்தால், கழுத்து வலித்தால், அந்தக் கணமே 108-ஐ அழையுங்கள். ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் நடை, மெல்லோட்டம், பந்துப் பயிற்சி, மோதலுள்ள பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு, மருத்துவர் சொன்ன பிறகே ஆட்டம். சின்னப் பிள்ளைக்குத் தேற அதிக நாள் பிடிக்கும். அண்ணன்மார் கோழை என்பார்களோ என்று பயந்து அவன் மறைக்கவும் செய்வான். ஆசிரியர் கண்தான் முக்கியம்.

மலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் வீடு போய்ச் சேருவது. பெரிய பிள்ளைகளுக்கான பயிற்சி ஆறு மணி வரை இழுக்கும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பனிமூட்டம் இருந்தால் ஐந்துக்கே. பஸ்ஸை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டப் பாதையில் தனியாக நடக்கும் 12 வயதுப் பிள்ளையின் எதிரே காட்டெருமையோ கரடியோ வரக்கூடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. ஒரே ஊருக்குப் போகும் பெரிய பிள்ளை ஒருவரோடு சேர்த்து அனுப்புவது, அல்லது சின்னவர்களை ஐந்து மணிக்கு முன்னே விட்டுவிடுவது என்று எழுதி வைத்த ஏற்பாடு இல்லாமல் மேல் அணியில் சேர்க்கவே வேண்டாம்.

குறுவட்டப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் இருக்கும். நனைந்த ஜெர்சியோடு ஓரத்தில் உட்கார வைத்தால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். மாற்று உடையும் ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புங்கள். ஊட்டிக் குளிரில் வார்ம்அப் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இளைப்பு உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று மூச்சை இறுக்கும்; இன்ஹேலர் வீட்டில் இருந்து பயனில்லை, ஆசிரியர் பையில் இருக்க வேண்டும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. ஊட்டியைவிடத் தாழ்வான கூடலூரிலிருந்து ஊட்டியின் எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு வந்து ஓடும் பிள்ளைக்கு முதல் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், அது பலவீனம் அல்ல. கோவைக்கோ சேலத்துக்கோ இறங்கினால் சிக்கல் வேறு: குளிரில் வளர்ந்த உடம்புக்கு வெயில் பழக 10 முதல் 14 நாள் வேண்டும், போட்டிக்கு முதல்நாள்தான் இறங்குகிறோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், நிழலில் உட்கார்வது, ஆளை அடிக்கடி மாற்றுவது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து இறங்கிய பிள்ளையை உடனே களத்தில் விடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்து ஒரு மணி நேரமாவது பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே பதில்தானா?

முழுக்க இல்லை. 13 வயதில் பெரும்பாலான பெண் பிள்ளைகளின் வேக வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும். 16 வயது அக்காவோடு உடம்பு வித்தியாசம் பையன்கள் அளவுக்கு இருக்காது. கோ-கோ, எறிபந்து, கைப்பந்து ஆகியவற்றில் மேல் அணிக்குப் போவது இவர்களுக்குச் சுலபம். ஆனால் பருவமடைந்த பிறகு முழங்காலுக்குள் உள்ள தசைநார் கிழியும் வாய்ப்பு பெண்களுக்கே அதிகம். மேலே சொன்ன குதித்திறங்கும் சோதனையை இவர்களுக்குக் கட்டாயம் செய்யுங்கள். வாரம் மூன்று நாள், வார்ம்அப்போடு 15 நிமிடம், ஒற்றைக்கால் குந்துதலும் தரையிறங்கும் பயிற்சியும் கொடுங்கள்.

சீக்கிரம் களைத்தால் இரத்தசோகை பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் பிரட்டுவது குறையும். அதோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் ஒருவர் உடன் போக வேண்டும். மைதானத்தில் கழிப்பறை உண்டா என்று முன்பே விசாரியுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பெரிய பிள்ளைகளோடு பழகிக் கெட்டுப்போவான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. நல்ல அண்ணன்மார் அமைந்தால் அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. அமையாவிட்டால் பை தூக்க வைப்பது, கெட்ட வார்த்தை, புகையிலை, அதற்கும் மேல். உடை மாற்றும் அறையில் சின்னவர்களும் பெரியவர்களும் தனித்தனி நேரத்தில். இரவு தங்கும் போட்டியில் வயதுவாரியாகத் தனி அறை. ஒரு சின்னப் பிள்ளையைத் தனியாகப் பெரியவர்களிடையே படுக்க வைக்கக் கூடாது. எந்தப் பெரியவரும் பிள்ளையைத் தனியே அழைத்துப் போகக் கூடாது, பயிற்சியாளரும்தான். 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாதுகாப்பு தருகிறது. 1098 குழந்தைகள் உதவி எண். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். ஆர்வமாகப் போனவன் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால், திட்டாமல் உட்கார வைத்துக் கேளுங்கள்.

சச்சின் 16 வயதில் இந்தியாவுக்கு ஆடவில்லையா?

ஆடினார், 1989 நவம்பரில், கராச்சியில். அதற்கு முன் பல வருடம் பள்ளி ஆட்டங்களில் மலைபோல் ஓட்டங்கள் குவித்திருந்தார். மேலே போனபோது கீழே கற்க வேண்டியது முடிந்திருந்தது. அவர் மட்டையாளர் என்பதையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளை சொந்தப் பிரிவில் ஒவ்வொரு ஆட்டத்திலும் தனித்துத் தெரிகிறானா? ஆம் என்றால் மேலே யோசியுங்கள். சில ஆட்டங்களில் மட்டும் என்றால் இன்னும் ஒரு வருடம்.

படிப்பு?

7, 8-ஆம் வகுப்பில் பெரிய இடையூறு இல்லை. போட்டி நாட்களுக்கு ஓ.டி. (பள்ளிப் பணிக்காக வெளியே இருந்ததாக வருகை) பதிவாகிறதா என்று பாருங்கள், விட்டுப்போன பாடத்தை அந்த வாரமே எழுதி முடிக்கட்டும்.

சேர்த்துவிட்டோம், சரிவரவில்லை. திரும்ப இறக்கினால் மனம் உடையாதா?

சேர்க்கும்போதே ‘ஆறு வாரம் பார்ப்போம், பிறகு பேசுவோம்’ என்று பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சொல்லியிருந்தால் உடையாது. பசி குறைவது, பயிற்சி நாளில் மட்டும் வயிற்றுவலி, தூக்கமின்மை, பந்து வரும்போது ஒதுங்குவது என்று இருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். எல்லோர் முன்னிலும் பெயரை அடிக்காமல் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், சொந்தப் பிரிவில் ஒரு பொறுப்பைக் கையில் கொடுங்கள். மேல் அணியோடு வாரம் ஒரு நாள் பயிற்சி தொடரலாம். அடுத்த ஜூனில் அளவு நாடாவையும் குதிக்கும் சோதனையையும் மறுபடி எடுத்து, அப்போது முடிவு செய்யலாம்.